கட்டுநாயக்க விமான நிலையம்: பாதி பயணி, பாதி வழியனுப்புகிறவன் எழுதும் ரிவியூ

கொழும்பு வெள்ளவத்தையில் வீடு இருந்தால் நீங்கள் பறக்கிறீர்களோ இல்லையோ, வருடத்துக்கு ஏழெட்டுத் தடவை கட்டுநாயக்க போய்த்தான் ஆகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் இரவு பஸ்ஸில் வந்து விடியப்புறம் எங்கள் வாசலில் இறங்குவார்கள், குளிப்பார்கள், படுப்பார்கள், இரண்டு நாள் நின்று கடைசி நேரச் சாமான் எல்லாம் வாங்குவார்கள், மூன்றாம் நாள் இரவு ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ தோகாவுக்கோ ஏற நான் கொண்டுபோய் விடவேண்டும். அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்கு இந்த உத்தியோகம். நானாக விமானம் ஏறியது ஆறு தடவைக்கு மேல் இருக்காது. போன மாதம் மட்டும் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. பெரியம்மா ரொறன்ரோவுக்கு, நான் ஒரு கல்யாணத்துக்குச் சென்னைக்கு, இரண்டு பேருக்கும் ஒரே இரவு. வழக்கமாகக் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுகிறவன் அன்றைக்கு உள்ளே கடைசிவரை போனேன். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

முதலில் போகிற வழி. 2013 ஒக்டோபரில் அதிவேகப் பாதை திறக்கும்வரை பழைய நீர்கொழும்பு வீதிதான், வத்தளை, ஜா-எல என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று போகவேண்டும், அதற்குப் பயந்து ஆறு மணித்தியாலம் முன்னதாகவே வெளிக்கிட்ட காலம் உண்டு. இப்போது 25.8 கிலோமீட்டர் ஹைவே, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கணக்குப் போடும்போது அந்த இருபத்தைந்து நிமிடத்தை நம்பி ஏமாறாதீர்கள். வெள்ளவத்தையிலிருந்து களனிப் பாலத்தடிக்கு வந்து சேர்வதற்கே பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் போகும். மருதானை, தெமட்டகொடைப் பக்கம் மாட்டினால் அதற்கும் மேல். ஹைவேயில் ஏறினால் இரண்டு பக்கமும் முத்துராஜவெல சதுப்பு நிலம், இரவில் ஒரே இருட்டு, அதோடு காருக்குள் இருக்கிறவர்களின் பேச்சும் அடங்கிவிடும். பெரியம்மா அந்த இடத்தில்தான் அழத் தொடங்குவார். ஒவ்வொரு தடவையும் அதே இடம்.

வாகனம் இல்லாதவர்களுக்கு கொழும்புக் கோட்டையிலிருந்து 187 பஸ் இருக்கிறது, தனி ஆளுக்கு, ஒரு பெட்டிக்கு, பகல் நேரத்துக்கு நல்லது. இரவில் இரண்டு பெரிய பெட்டியோடு அதில் ஏறப் பார்க்காதீர்கள். புத்தளம் ரயில் பாதை பக்கத்தால் போகிறதுதான், ஆனால் பயணப் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இவ்வளவு தூரத்தில் ஏன் கட்டினார்கள் என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலிருந்து காலி வீதியில் தெற்கே கொஞ்சத் தூரம் போனால் இரத்மலானை, 1935 இலிருந்து அதுதான் கொழும்பின் விமான நிலையம். கட்டுநாயக்க அப்போது கிடையாது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1944 இல் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம்தான் அது. பெரிய ஜெட்டுகள் வந்ததும் இரத்மலானை பற்றாமல் போக, அறுபதுகளில் கனடாவின் உதவியோடு இங்கே சர்வதேச விமான நிலையம் கட்டினார்கள். இதைச் சொன்னதும் பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "அப்ப கனடாக்காரன் எங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் கட்டினவன் போல" என்றார். 1970 இல் முன்னாள் பிரதமர் பண்டாரநாயக்கவின் பெயரை வைத்தார்கள், 1977 இல் எடுத்துக் கட்டுநாயக்க என்றார்கள், 1995 இல் திரும்ப வைத்தார்கள். சனம் எப்போதும் கட்டுநாயக்க என்றுதான் சொல்கிறது, பெயர்ப்பலகை என்னவாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். இந்த இடத்தைப் பற்றி யார் குறை சொன்னாலும் முதலில் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பயணிகள் முனையம் வருடத்துக்கு 60 லட்சம் பேருக்கு என்று கட்டியது. 2018 இலேயே 1 கோடியைத் தாண்டிவிட்டார்கள். இரண்டு அறை வீட்டில் கல்யாணம் வைத்த மாதிரி, வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் யாராவது ஒருவர் முற்றத்தில்தான் நிற்க வேண்டும். இரண்டாவது முனையம் வந்தால் இன்னும் 90 லட்சம் பேருக்கு இடம் கிடைக்கும் என்பது திட்டம், ஜப்பானின் கடனில் 2020 நவம்பரில் வேலையையும் தொடங்கினார்கள். 2022 இல் நாடு வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது, கடன் நின்றது, வேலையும் நின்றது. மத்தளையில் 2013 இல் சீனக் கடனில் ஒரு சர்வதேச விமான நிலையத்தைத் திறந்து ஆள் இல்லாமல் வைத்திருந்த அதே நாட்டில், ஆள் நிரம்பி வழிகிற இடத்துக்கு முனையம் கட்டக் காசு இல்லாமல் போனது. இதைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் ரிவியூ வேறு பக்கம் போய்விடும், விடுகிறேன்.

நெரிசல் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தலையிடி குறையும். எங்கள் ஆட்கள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போவது பெரும்பாலும் தோகா, துபாய், அபுதாபி வழியாக. அங்கே காலையில் மேற்கே புறப்படும் விமானங்களைப் பிடிக்க வேண்டும் என்றால் இங்கேயிருந்து நள்ளிரவு கடந்து ஏறவேண்டும். அதனால் இரவு பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நாட்டில் பாதிப் பேர் கட்டுநாயக்கவில்தான் நிற்கிறார்களோ என்று தோன்றும். அதே கட்டடத்துக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள், நடக்கிற சத்தம் கேட்கும். நட்சத்திரம் போடச் சொன்னால் பின்னேரத்துக்கு நாலு, நள்ளிரவுக்கு இரண்டரை.

வாசலில் முதல் சோதனை, கடவுச்சீட்டும் டிக்கெட்டும் காட்டி, பெட்டியை ஸ்கானரில் போட்டு எடுக்க வேண்டும். வழியனுப்புகிறவர்களின் உலகம் அதற்கு இந்தப் பக்கம் முடிந்துவிடும். இங்கே ஒரு விடயம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்கு விமான நிலையம் என்றால் போகிறவர் ஒரு ஆள். எங்களுக்கு ஒரு ஆள் போனால் ஒரு வான் நிறைய வருவோம். மட்டக்களப்பிலிருந்து வந்த வான் ஒன்றை அன்று பார்த்தேன், கட்டாருக்கு வேலைக்குப் போகும் ஒரு பெடியனை ஏற்றிவிடப் பதினொரு பேர், அதில் கைக்குழந்தை இரண்டு, சோற்றுப் பார்சல் வேறு. அந்தப் பதினொரு பேருக்கும் இருக்கக் கதிரை எங்கே என்று எந்தத் திட்டத்திலாவது கணக்குப் போட்டிருப்பார்களா தெரியாது. இரண்டாவது முனையம் கட்டும்போதாவது யாராவது ஒருவர் வரைபடத்தை நீட்டி, "வானில் வந்தவர்கள் எங்கே இருப்பார்கள்" என்று கேட்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு வீல்செயார் போட்டிருந்தோம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் விடாமல் நடந்து போய் வருகிற மனுசி அவர். ஆனால் விமான நிலையம் என்றால் கால் ஏலாது. டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும், அன்றைக்குப் போய்க் கேட்டால் இழுபடும். அன்று எங்கள் வரிசையில் மட்டும் எட்டு அம்மாமார் வீல்செயாரில், எட்டுப் பேரும் கையில் ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் கடவுச்சீட்டு, மகளின் விலாசம், மருந்துத் துண்டு, விபூதிப் பொட்டலம். தள்ளிக்கொண்டு போன தம்பி சிங்களப் பெடியன், இருபத்திரண்டு வயது இருக்கும். "அம்மா, போவமா?" என்று தமிழில்தான் கேட்டான். கேட்ட விதத்திலேயே தெரிந்தது, அவனுக்குத் தெரிந்த தமிழ் அந்த இரண்டு சொல்லும் "தண்ணி வேணுமா"வும்தான், ஆனால் ஒரு இரவுக்கு அது போதும். இந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. குடியகல்வு வரிசையில் நான் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து நின்றபோது பெரியம்மா பக்கத்து வழியால் போய், திரும்பிப் பார்த்து எனக்குக் கைகாட்டினார்.

அதற்கு முன் செக்-இன்னில் நடந்த கூத்து. ஒரு பெட்டிக்கு 23 கிலோ. வீட்டில் தொங்கு தராசில் நிறுத்தபோது சரியாக 23 காட்டியது. கவுண்டரில் 25.6. தராசின் பட்டரி செத்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது, பிழை முழுக்க எங்களுடையது. கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னார், "ஆன்ட்டி, இரண்டரைக் கிலோ குறைக்க வேணும்." பெட்டியை நடு மண்டபத்தில் திறந்தோம். மேலே ஒரு சேலை, அதைத் தூக்கினால் கீழே ஒரு பலசரக்குக் கடை. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் மூன்று பை, ஒவ்வொன்றும் மூன்று பொலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டது, ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான் ஓலையோடு, பேத்திக்குப் பட்டுப்பாவாடை, பருத்தித்துறை வடை இரண்டு பெரிய பைக்கற். சுற்றி நின்றவர்கள் யாரும் திரும்பியும் பார்க்கவில்லை, ஏனென்றால் அங்கே இன்னும் நாலு குடும்பம் அதே வேலையில் குந்திக்கொண்டிருந்தது. எதை எடுப்பது என்று பதினைந்து நிமிட விவாதம். மிளகாய்த்தூளில் கைவைக்க விடவில்லை. கடைசியில் ஒரு பைக்கற் வடையும் கொஞ்ச மாவும் பனங்கட்டியும் என் கைப்பைக்கு மாறின. எனக்குச் சென்னைக்கு ஏழு கிலோதான் கைப்பை, நல்லவேளை கல்யாண வீட்டுக்கு ஒரு வேட்டியும் இரண்டு சட்டையும்தான் கொண்டுபோனேன்.

பெட்டி நிறுக்க ஒரு பொதுத் தராசு வாசலுக்கு வெளியிலேயே வைத்தால், வரிசை பாதியாகக் குறையும் என்பது என் அபிப்பிராயம்.

மேலே போனால் டியூட்டி ஃப்ரீ. தேயிலை, கறுவா, மாணிக்கக்கல், முகமூடி, யானை போட்ட சட்டை, வெளிநாட்டுக்காரருக்கு நல்லது. நமக்கு அதில் வேலை இல்லை. தேயிலை மட்டும் மறந்து வந்தவர்கள் அங்கே வாங்கலாம், பெட்டி வடிவாக இருக்கும். சாப்பாடு பற்றிப் பெயர் சொல்லாமல் ஒன்று: ஒரு கடையில் பிளேன்டீயும் மரக்கறிப் பட்டிஸும் வாங்கினேன், வெள்ளவத்தை விலையின் நாலு மடங்கு, அதுகூடப் பரவாயில்லை, பட்டிஸ் வெளியே சூடு, நடுவில் பிரிட்ஜ். மைக்ரோவேவ் கதவைத் திறக்கிற அவசரம். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெறும் போத்தல் ஒன்று கொண்டுபோனால் சோதனைக்குப் பிறகு நிரப்பிக்கொள்ளலாமா என்று முதலில் விசாரித்துவிட்டு எறியுங்கள், நான் விசாரிக்காமல் எறிந்தேன்.

பெரியம்மாவை அவருடைய கேட்டில் விட்டுவிட்டு என்னுடையதுக்குத் திரும்பி வர ஐந்து நிமிடம். இதுதான் இந்த விமான நிலையத்தில் எனக்குப் பிடித்தது. சின்னது. பெரிய விமான நிலையங்களில் ரயில் ஏறி கேட்டுக்குப் போக வேண்டும், வயதானவர்கள் பலகை பார்த்தே களைத்துவிடுவார்கள். இங்கே தொலைந்துபோக இடம் இல்லை. பலகை மூன்று மொழியிலும் இருக்கிறது. இடம் பற்றாது, ஆனால் வழி தெரியும். இரண்டாவது முனையம் வந்த பிறகு இந்த வசதி போய்விடுமோ என்று ஒரு பயமும் இருக்கிறது, போனால் போகட்டும், கதிரை கிடைத்தால் சரி.

ஒரே ஒரு ஓடுபாதையில்தான் இவ்வளவும் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2017 இல் அதைப் புதுப்பிக்க ஜனவரி தொடக்கம் ஏப்ரல் வரை தினமும் காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலரை மணிவரை மூடினார்கள், பகல் விமானம் எல்லாம் இரவுக்குத் தள்ளுப்பட, அந்த மூன்று மாதமும் நான் வீட்டில் நித்திரை கொண்டது குறைவு. அப்புறம் கோவிட், 2020 மார்ச்சில் மூடியது, சுற்றுலாக்காரருக்கு 2021 ஜனவரி 21 இல்தான் திறந்தது. அடுத்தது 2022, விமானத்துக்கு ஊற்ற எரிபொருள் இல்லை. இங்கிருந்து ஏறி சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டுதான் தூரப் பயணம் போனார்கள். நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்ற அதே நேரம் விமானமும் வரிசையில் நின்றது என்று என் தம்பி சொல்லுவான். இவ்வளவுக்குப் பிறகும் 2024 இல் 20 லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் நாட்டுக்கு வந்திருக்கிறார்கள், பெரும்பாலானோர் இந்தக் கதவால்தான்.

திரும்பி வரும்போது பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. வருகைப் பக்க டியூட்டி ஃப்ரீயில் மற்ற ஊர்களில் சொக்லட்டும் சாராயமும் வைத்திருப்பார்கள், இங்கே அவற்றோடு பிரிட்ஜ், வோஷிங் மெஷின், டிவி. வெளிநாட்டில் எவ்வளவு காலம் இருந்தீர்களோ அதைப் பொறுத்துச் சலுகை. மத்திய கிழக்கில் வருடக்கணக்காக வீட்டு வேலை செய்துவிட்டு வருகிற பெண்கள், கட்டட வேலை செய்துவிட்டு வருகிற பெடியன்கள், விமானத்தால் இறங்கி இன்னும் வீட்டு ஆட்களின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் நின்று பிரிட்ஜ் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். நான் சென்னையிலிருந்து திரும்பிய அன்று ஒரு அக்கா ஒரு வோஷிங் மெஷினுக்கு முன்னால் நின்று, அதன் மூடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் இருந்ததைத்தான். காசு கட்டி முடிந்திருக்க வேண்டும், இனி அது அவருடையது. வெளியே அவருக்கு வந்திருந்த வானில் ஆட்கள் நிறைய, மெஷினை ஏற்றினால் மூன்று பேர் இறங்க வேண்டும் என்று சாரதி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். யார் இறங்கினார்கள் என்று பார்க்க நான் நிற்கவில்லை.

வெளியே வந்ததும் வங்கிக் கவுண்டர்கள் வரிசையாக இருக்கின்றன, காசு அங்கேயே மாற்றலாம், இரண்டு மூன்றைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். சிம்மும் அங்கேயே. வாகனத்துக்கு ஆப்பில் விலையைப் பார்த்துவிட்டு மற்றவர்களோடு பேசுங்கள். ஒரு தடவை நான் பாராமல் ஏறி, வெள்ளவத்தை வரைக்கும் கேட்டதைக் கொடுத்து, வீட்டில் ஆப்பைத் திறந்து பார்த்ததில் ஒரு வாரம் நித்திரை வரவில்லை.

பலாலி பற்றிச் சொல்லாமல் முடித்தால் யாழ்ப்பாணத்தார் கோபிப்பார்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, கோவிட்டோடு நின்றது, 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தது, 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் ஓடுகிறது. பழைய ஆட்கள் இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பார்கள், 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னைக்குத்தான் போனது. சென்னைக்கு மட்டும் போகிறவர்கள் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை, எட்டு மணித்தியாலப் பஸ் மிச்சம். கனடாக்காரர்களுக்கு இன்னும் கட்டுநாயக்கதான். ஓடுபாதையை நீட்டி மேற்கே போகிற விமானமும் பலாலியில் இறங்கினால் கட்டுநாயக்கவில் கொஞ்சம் மூச்சுவிடலாம், எங்கள் வீட்டு விறாந்தையிலும்.

பெரியம்மா போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் எடுத்தார். வீல்செயார் தம்பிக்கு ஏதாவது குடுத்தாயா என்று முதலில். குடுத்தேன். பிறகு, "அந்த வடைப் பைக்கற்றைப் பத்திரமா வை ராசா, அடுத்த மாசம் சுகந்தியின்ர மாமி வாறா, அவவிட்டக் குடுத்துவிடு." நான் அப்போது சென்னையில் கல்யாண வீட்டு மொட்டை மாடியில் நின்றேன். பைக்கற்றின் அடியில் தூள் மட்டும் இருந்தது, அதையும் மாப்பிள்ளையின் தம்பி உள்ளங்கையில் கொட்டிக்கொண்டிருந்தான்.